நிற்காமல் போன பஸ்

செம்பியன் மொட்டைத் தலையோடு வந்து நின்றான். தலை முழுக்கச் சந்தனம். காது மடலில்கூடக் காய்ந்து ஒட்டியிருந்தது. கையில் விடுப்புக் கடிதம். கடுமையான காய்ச்சல் காரணமாக நேற்று பள்ளிக்கு வர இயலவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொண்டிருந்தான்.

ஜான்சி டீச்சர் கடிதத்தைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள்.

"காய்ச்சலுக்கு மொட்ட அடிச்ச டாக்டர் யாருடா?"

ஏழாம் வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"திருவந்திபுரம் போனோம் டீச்சர். வேண்டுதல்."

"அத எழுத வேண்டியதுதான?"

"லீவ் லெட்டர்ல காய்ச்சல்னுதான் டீச்சர் எழுதணும்."

பொய் சொன்னோம் என்ற எண்ணமே அவன் முகத்தில் இல்லை. மேசை இழுப்பறையில் கிடந்த மற்றக் கடிதங்களையும் அன்றைக்கு ஜான்சி எடுத்துப் பார்த்தாள். அக்கா கல்யாணத்துக்குப் போனவளுக்குக் காய்ச்சல். மாமா வீட்டில் கிடா வெட்டுக்குப் போனவனுக்கும் காய்ச்சல். அந்தக் கடிதங்களை நம்பினால் புளியங்கொல்லைக்குச் சுகாதாரத் துறை முகாம் போட்டிருக்க வேண்டும்.

புளியங்கொல்லை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் இருக்கிறது. கண் அயர்ந்தால் தாண்டிவிடுகிற ஊர். அங்கே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்கு ஜான்சி 2004-இல் தொகுப்பூதியத்தில் வந்து சேர்ந்தாள். வீடு சிதம்பரத்தில். கணவன் அன்பரசுக்கு அங்கேதான் ஒரு லேத் பட்டறையில் வேலை. காலையில் டவுன் பஸ், சாயந்தரம் டவுன் பஸ். "நீ குடியிருக்கறது நம்ம வீட்லயா, பஸ்லயா?" என்று அவன் அடிக்கடி கேட்பான். அவளுக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வரும்.

பிள்ளைகள் மக்குகள் இல்லை. வாயைத் திறந்தால் வழக்கறிஞர்கள். கோலி ஆட்டத்தில் ஒரு விரற்கடைத் தகராறுக்கு அவர்கள் அடுக்குகிற நியாயங்களைக் கேட்டால் நீதிபதியே அசந்துபோவார். பேனாவைக் கையில் எடுத்துவிட்டால் போதும், அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். எல்லோருக்கும் ராமு என்று ஒரு நண்பன் இருப்பான். அவன் மதுரையில் இருப்பான். நலம், நலமறிய ஆவல். மதுரை எந்தப் பக்கம் என்றுகூட ஒருவருக்கும் தெரியாது.

"இனிமே ராமுக்கு லெட்டர் கிடையாது. நம்ம ஊர்ல நடக்கறதப் படிப்போம். நமக்கு வேணுங்கறத எழுதுவோம்" என்று ஜான்சி சொன்னாள்.

படிப்பதற்கு என்ன இருக்கிறது? அதற்குத்தான் தில்லையம்மாள் இருந்தாள்.

பள்ளியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஊருக்குள் போகிற பாதை பிரியும். அந்தப் பிரிவு ரோட்டில்தான் பஸ் நிற்கும். அங்கே வேப்பமரத்தடியில் ஓலைச் சார்ப்பு போட்டு டீக்கடை வைத்திருந்தாள் தில்லையம்மாள். தனி மனுஷி. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த பாய்லரைக் கட்டிக்கொண்டுதான் வாழ்ந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள்தான் அவளுக்கு வாடிக்கை. அவர்களை உட்கார வைக்க ஒரு பெஞ்சு, பெஞ்சில் பிடித்து வைக்க ஒரு பேப்பர். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பேப்பர் வராத நாளில் முகம் சுண்டிப்போகும். ஜான்சி தினமும் இறங்கி, அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, நேற்றைய பேப்பரை வாங்கிக்கொண்டு பள்ளிக்கு நடப்பாள்.

"பஜ்ஜி மடிக்கக்கூட வெக்காம உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன் டீச்சரம்மா. கிழிக்காம படிங்க" என்பாள் தில்லையம்மாள். காசு வாங்க மாட்டாள்.

அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு ஜான்சி செய்த கூத்து கொஞ்சமல்ல. ஒரு பக்கம் இந்தக் குழு, ஒரு பக்கம் அந்தக் குழு. பல்பொடி விளம்பரத்தைப் படித்து, "இவன் நம்மள எந்த எடத்துல மயக்குறான்?" என்று கோடு போடச் சொன்னாள். மின்தடை அறிவிப்பு, ரேஷன் கடைப் பலகை, பிஸ்கட் பாக்கெட்டின் முதுகு எல்லாமே வகுப்புக்கு வந்தன. பிறகு எழுத்து. கால்பந்து வேண்டுமென்று தலைமையாசிரியருக்கு எழுது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்லி ஊராட்சித் தலைவருக்கு எழுது. 'நாங்கள் மிகவும் ஏழ்மையான' என்று யாராவது ஆரம்பித்தால் தொலைந்தார்கள்.

"கெஞ்சாத. காரணம் சொல்லு. படிக்கிறவரு ஏன் ஒத்துக்கணும்? அத எழுது."

இந்தக் கேள்வியைக் கரும்பலகை மூலையில் எழுதி, அழிக்கக்கூடாது என்று கட்டமும் போட்டிருந்தாள். சீக்கிரத்தில் அது பிள்ளைகள் வாயில் ஏறிவிட்டது. பம்பரம் கடன் கேட்டால்கூட, "நான் ஏன் ஒத்துக்கணும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியர் மணவாளன் கால்பந்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, "இதுங்கள எனக்கு எதிராவே கெளப்பி விடுறீங்களே டீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

2008-இல், அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்து கொஞ்ச நாளில், பஸ் விஷயம் வந்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இலவச பஸ் பாஸில் வந்து பிரிவில் இறங்கி, ரோட்டு ஓரமாகவே பள்ளிக்குத் திரும்பி நடப்பார்கள். மணல் லாரியும் டேங்கர் லாரியும் முதுகை உரசிக்கொண்டு போகும். ஒரு நாள் ஆறாம் வகுப்புச் சிறுமியின் பையை ஒரு லாரி இழுத்துக்கொண்டு போயேவிட்டது. பை போயிற்று, பிள்ளை தப்பியது.

மறுநாளே மனு எழுதத் தொடங்கினார்கள். டெப்போ மேலாளருக்கு. பள்ளி வாசலில் இன்னொரு நிறுத்தம் கேட்கலாம் என்றான் செம்பியன். இவ்வளவு கிட்டத்தில் இரண்டு கொடுக்கவே மாட்டார்கள், இருக்கிறதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்போம் என்றாள் ஜான்சி. ஆளுக்கொரு பிரதி எழுதிக் கொண்டுவந்தார்கள். அதில் சத்யப்பிரியாவுடையதுதான் நன்றாக இருந்தது. அதிகம் பேசாத பெண். எழுத்தும் அப்படித்தான், ஒரு சொல் கூடுதலாக இருக்காது. லாரி பையை இழுத்ததை அவள் எழுதியிருந்த பத்தியை ஜான்சி இரண்டு முறை படித்தாள்.

அதன் கடைசியில் ஒரு வரி இருந்தது. 'பிரிவு ரோட்டில் தில்லையம்மாள் டீக்கடை உள்ளது. பஸ் அங்கே நிற்காவிட்டால் கடைக்கு ஆள் வராது.'

ஜான்சி சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தாள்.

"இது எதுக்கும்மா? நம்ம கேக்கறதுக்கு இதுவே எதிரா நிக்குது பாரு. அவரு இதப் புடிச்சிக்கிட்டு மாட்டேன்னு சொல்லிட்டா?"

சத்யப்பிரியா தலையாட்டிவிட்டு, நல்ல தாளில் அந்த வரி இல்லாமல் எழுதிக் கொடுத்தாள். ஜான்சிக்கு மனசுக்குள் ஒரு நெருடல் இல்லாமலில்லை. தில்லையம்மாள் அக்கா சமாளித்துக்கொள்வாள், ஊர்க்காரர்கள் எங்கே போய்விடுவார்கள் என்று சொல்லிக்கொண்டாள். ஜெயிக்க வேண்டும் என்ற வெறி வந்துவிட்டால் டீச்சராக இருந்தால் என்ன, யாராக இருந்தால் என்ன, கண் கொஞ்சம் மங்கத்தான் செய்யும்.

ஜெயித்தார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று டவுன் பஸ் பள்ளி வாசலிலேயே வந்து நின்றது. பிள்ளைகள் படியிலிருந்து நேராக வாசலுக்குள் குதித்தார்கள். மணவாளன் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசினார். அவரே எழுதிய மனு மாதிரிதான் பேசினார், அது போகட்டும். ஜான்சியும் இப்போது வாசலிலேயே இறங்கினாள். பிரிவுப் பக்கம் போகவேண்டிய வேலையில்லை. பழைய பேப்பர்க் கட்டு பீரோவில் நிறைய இருந்ததால் புதுசுக்கும் அவசரமில்லை. தை பிறந்து, பொங்கலும் போயிற்று.

ஒரு நாள் மணவாளனுக்குப் போன் வந்தது. மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்திருக்கிறதாம்: மாணவர்கள் மனு, பஸ் நிறுத்தம் மாற்றம். வகுப்பே எழுந்து ஆடியது. "பேப்பர் வாங்கியாரேன், இருங்க" என்று ஜான்சி சிறுமி மாதிரி பிரிவு ரோட்டுக்கு ஓடினாள்.

கடையில் யாருமில்லை. பெஞ்சு காலியாகக் கிடந்தது. பாய்லரில் தணல் மட்டும் இருந்தது. தில்லையம்மாள் மரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா டீச்சரம்மா. எவ்ளோ நாளாச்சு உன்னப் பார்த்து. உக்காரு, டீ போடறேன்."

"பேப்பர் குடுக்கா. நம்ம புள்ளைங்களப் பத்திப் போட்டிருக்கான்."

"பேப்பர நிறுத்திட்டேனே. படிக்க யாரு இருக்கா? பஸ்சுதான் அங்க நிக்குதே." சாதாரணமாகத்தான் சொன்னாள். "பையன்கிட்ட, தை பொறந்ததோட வேணாம்னுட்டேன். இந்த மாசம் பாத்துட்டு, காடாம்புலியூர்ல எங்க தங்கச்சி வீட்டாண்ட போயிடலாம்னு இருக்கேன். முந்திரி உடைக்கக் கூப்புடறா."

"இங்க யாரும் வரதே இல்லியாக்கா?"

"நடந்து வந்து டீ குடிச்சிட்டு மறுபடி நடந்து போயி பஸ் ஏறுவானா? நானா இருந்தாலும் மாட்டேன்."

ஜான்சியால் டீ குடிக்க முடியவில்லை. பல்பொடிக்காரன் எங்கே மயக்குகிறான் என்று பிள்ளைகளுக்குக் கோடு போட்டுக் காட்டியவள், தான் மயங்கிய இடத்தைப் பார்க்கவில்லை. இத்தனை நாள் பிள்ளைகள் படித்ததெல்லாம் இந்த அம்மாள் சும்மா கொடுத்த பேப்பர். அதில் கற்றுக்கொண்டதை வைத்தே அவள் கடையை மூடிவிட்டார்கள். மூடியது பிள்ளைகள்கூட இல்லை.

வகுப்புக்குத் திரும்பி, கடையில் பார்த்ததை அப்படியே சொன்னாள். ஆட்டம் நின்றது.

"நமக்குத் தெரியாம போச்சு டீச்சர்" என்றான் செம்பியன்.

சத்யப்பிரியா எழுந்தாள். குரலில் கோபம் இல்லை, சண்டையும் இல்லை. "நான் எழுதுனேன் டீச்சர். நீங்க அடிச்சிட்டீங்க."

"ஆமாம்மா. அடிச்சிட்டேன்" என்றாள் ஜான்சி. வெட்கமாக இருந்தது. எட்டாம் வகுப்புப் பெண் முன்னால் அவ்வளவு வெட்கப்பட முடியும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

மறுபடி எழுதலாம் என்றதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஜெயித்ததை நாமே கெடுத்துக்கொள்வதா என்றது ஒரு கூட்டம். பழையபடி லாரிக்குப் பக்கத்தில் நடக்கச் சொல்கிறீர்களா என்று ஆறாம் வகுப்பிலிருந்துகூட ஒருத்தி வந்து கேட்டாள். பை போனவள் அவள்தான். மணவாளனோ நெற்றியைத் தேய்த்தார்.

"டீச்சர், மாத்துங்கன்னு நாமளே கேட்டோம். இப்ப திருப்பி மாத்துங்கன்னா என்னான்னு நெனைப்பாங்க? இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேற வேலையே இல்லியான்னு கேக்க மாட்டாங்க?"

"கேக்கட்டும் சார். கேட்டா நான் போயி நிக்கறேன்."

வழி கண்டுபிடித்ததும் சத்யப்பிரியாதான். அவள் உட்காரும் இடம் ஜன்னல் ஓரம். "மத்தியான பஸ்சு நம்ம வாசல்ல சும்மாதான் டீச்சர் நிக்குது. பள்ளிக்கூடத்துலேருந்து யாரும் ஏறல, எறங்கல. ஊர்க்காரங்கதான் பிரிவுலேருந்து வெயில்ல நடந்து வந்து நிக்கறாங்க." நாம் வருகிற நேரமும் போகிற நேரமும் பஸ் இங்கே நிற்கட்டும், மற்ற நேரமும் லீவு நாளும் அங்கே நிற்கட்டும் என்றாள். சாயந்தர பஸ்ஸில் கண்டக்டர் கண்ணாயிரத்திடம் ஜான்சி கேட்டாள். "ரெண்டும் ஒரே ஸ்டேஜ்தாம்மா, டிக்கெட்டு மாறாது. எங்களுக்கு ஆர்டர் வந்தா போதும், எங்க வேணா நிப்பாட்டுவோம்" என்றார். மறுநாள் அதைக் கேட்ட பிறகுதான் வகுப்பு ஒன்றானது.

இந்த முறை மனுவை அனுப்புவதற்கு முன் தில்லையம்மாளிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று ஜான்சி சொன்னாள். சாயந்தரம் மணி அடித்ததும் வகுப்பே டீக்கடைக்குப் போயிற்று. காலியாகக் கிடந்த பெஞ்சு ரொம்ப நாள் கழித்து நிறைந்தது. சத்யப்பிரியா நின்றுகொண்டு படித்தாள்.

'ஐயா, முன்பு ஒரு மனு அனுப்பினோம். நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள். நன்றி. அந்த மனுவில் ஒரு செய்தியை நாங்கள் உங்களுக்குச் சொல்லவில்லை. பிரிவு ரோட்டில் தில்லையம்மாள் டீக்கடை உள்ளது. பஸ் அங்கே நிற்காவிட்டால் கடைக்கு ஆள் வராது. இப்போது வருவதில்லை...'

தில்லையம்மாள் கடலை உரிப்பதை நிறுத்தினாள். முழுதும் கேட்டுவிட்டு ஜான்சியைப் பார்த்தாள்.

"அப்போ பஸ்ச மாத்தச் சொல்லி எழுதனதே நீங்கதானா? ஏதோ கெவுருமெண்டு வேலைன்னு இருந்தேன்."

ஒரு லாரி போனது.

"எழுதும்போது இது உனக்குத் தெரியாமலா போச்சு டீச்சரம்மா? தெனம் இங்கதான எறங்குன?"

ஜான்சி சொல்லாமல் விட்டிருக்கலாம். பிள்ளைகள் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். "தெரியும்க்கா. இந்தப் பொண்ணு அப்பவே எழுதிச்சு. எழுதுனா நாம கேக்கறது கெடைக்காதுன்னு நான்தான் அடிச்சேன்."

தில்லையம்மாள் எழுந்து பாய்லர் பக்கம் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு வெகு நேரம் டீ ஆற்றினாள். ஜான்சிக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றாள், திரும்பாமல். "புள்ளைங்க லாரியாண்ட நடக்கறத நான் தெனம் பாக்கல? அந்தப் பொண்ணு பை போன அன்னிக்குத் தூக்கியாந்து தண்ணி குடுத்ததே நான்தான்." பிறகு டம்ளரை ஜான்சியின் பக்கத்தில் வைத்தாள். "ஆறுது, குடி. மைய எடு, கைநாட்டு வெக்கறேன்."

மனு போயிற்று. தை முடிந்து மாசி வந்தது. மேலாளரிடமிருந்து ஒன்றுமில்லை. கைநாட்டு வைத்த பிறகும் தில்லையம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்திருந்தாள். ஜான்சி இப்போது தினமும் மெனக்கெட்டு நடந்துபோய் ஒரு டீ குடித்தாள். ஒரு டீயை வைத்துக் கடை நடத்த முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு மணிக்குப் பிறகு, வகுப்பில் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. பீரோவில் இருந்த பழைய பேப்பர்தான். தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது. சத்யப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் திரும்பியதைப் பார்த்து எல்லோரும் திரும்பினார்கள். இந்நேரத்துக்கு பிரேக் சத்தம் கேட்கவேண்டும். பஸ் வந்தது. பள்ளி வாசலைப் பார்த்தது போலவே காட்டிக்கொள்ளாமல், புழுதியைக் கிளப்பிக்கொண்டு, அதே வேகத்தில் தாண்டிப் போனது.

பிரிவுப் பக்கமிருந்து கண்டக்டரின் விசில் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, கிளம்புவதற்கான விசில்.

வகுப்பு கூரை அதிரக் கத்தியது. செம்பியன் பெஞ்சு மேல் ஏறிவிட்டான். மணவாளன் அலுவலக அறையிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னா சத்தம்? என்னா ஆச்சு?"

"சார், பஸ் நிக்கல சார்! நிக்காம போயிடிச்சு!"

"நிக்கலன்னா எதுக்குடா குதிக்கறீங்க?" என்று கேட்டவர், அடுத்த நொடி புரிந்துகொண்டு, தானும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஜான்சி அழுதுகொண்டிருந்தாள். மறைக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் அவள் பள்ளி வாசலில் இறங்கியபோது சத்யப்பிரியா அவளுக்கு முன்பே பிரிவுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தாள். கையில் பேப்பர். இன்றைய தேதி போட்ட, மடிப்புக் கலையாத பேப்பர்.

"நேத்து பேப்பர் இல்லியாம் டீச்சர். இன்னிக்குத்தான் மறுபடி போடச் சொன்னாங்களாம். சாயந்தரம் குடுத்தா போதுமாம்." கொஞ்சம் தயங்கிச் சிரித்தாள். "அப்புறம், இன்னிக்கு யாரு மேல மனுன்னு கேட்டாங்க."

ஜான்சி பேப்பரை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். கரும்பலகை மூலையில் இருந்த கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, படிக்கிறவரு ஏன் ஒத்துக்கணும் என்பதற்குக் கீழே, இதனால யாருக்கு நஷ்டம், அவுங்களக் கேட்டியா என்று எழுதினாள். சத்யப்பிரியா சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். கிழியாமல் கொடுத்தாள்.